நேர்மை, நாணயம், வாய்மை: என்ன வித்தியாசம்?

அல்சூர் டீச்சர் கேட்டது:
பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். "பிராமாணிகதெக்குத் தமிழ்ல என்ன மிஸ்?" என்று கன்னடச் சொல்லைச் சொல்லிக் கேட்டாள் ஒரு பெண். நேர்மை என்றேன். "நேரா இருந்தா நல்லவங்களா?" என்று உடனே அடுத்த கேள்வி. கன்னடத்திலும் 'நேர' என்றால் நேர்தானே, அதனால் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அப்படியானால் நாணயம், வாய்மை எல்லாம் என்ன? அவளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

யஷ்வந்த்பூர் மண்டிக் கணக்கர்:
அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி மேடம். நேர் என்ற சொல்லோடு 'மை' சேர்ந்து குணத்தின் பெயராகிறது. எதிர்ப்பக்கம் பாருங்கள்: கோணல், கோட்டம், கொடுங்கோல். எல்லாம் வளைவுதான். குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தில் இதற்குச் 'செப்பம்' என்று பெயர். 119ஆம் குறளைச் சொல்லிக்கொடுங்கள்:

சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின்.

பேச்சு கோணாமல் இருந்தால் மட்டும் போதாது, மனசும் கோணக்கூடாது.

வாய்மை சொல்லைப் பற்றியது. நாணயம் கடைத்தெருச் சொல், காசுக்கும் அதுதான் பெயர். சொன்ன தேதிக்குப் பணம் வந்துவிட்டால் மண்டியில் 'நாணயமான பார்ட்டி' என்போம். வீட்டில் அவர் எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு உயிர் பட்டினப்பாலை என்ற சங்கப் பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை 'நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்' என்கிறது. பகல் என்றால் இங்கே மாடு பூட்டும் நுகத்தடியின் நடுவில் இருக்கும் ஆணி. 'கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது' என்று பின்னால் வரும். குறைத்துக் கொடுப்பதை எல்லோரும் திட்டுவார்கள், அதிகமாக வாங்குவதையும் சேர்த்துச் சொன்னார் புலவர், பாருங்கள்! தராசில் மூட்டை ஏறியதும் சாக்குக்கு எவ்வளவு கழிப்பது என்று பேச்சு வரும். விற்கும்போது ஒரு கழிவு, வாங்கும்போது ஒரு கழிவு சொல்லும் ஆளிடம் நான் ஒட்டுவதே இல்லை.

பாலக்காட்டுக்காரன், மடிவாளா:
மலையாளத்தில் நேர் என்றாலே உண்மை. 'நேராணோ?' என்றால் நிஜமா என்று அர்த்தம். டீச்சர், வகுப்பில் மலையாளப் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அல்சூர் டீச்சர்:
இருவருக்கும் நன்றி. ஐயா, நுகத்தடியை இந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. தராசையாவது காட்டலாம், ஒருநாள் மண்டிக்கு அழைத்து வரட்டுமா?

யஷ்வந்த்பூர் மண்டிக் கணக்கர்:
தாராளமாக வாங்க. லாரி இறங்கும் நேரம் கூட்டம் தள்ளும், அது ஓய்ந்த பிறகு வந்தால் பிள்ளைகளே நிறுத்துப் பார்க்கலாம்.