வீ ரிமோட், பிஎஸ்3 கேமரா மாதிரி வீடியோ கேம் சாமான்களை வைத்து ஏதாவது செய்து பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம்

சாக்பீஸ்:
கணினி ஆய்வாளர் ஜானி சுங் லீ 2008இல் டெட் மாநாட்டு மேடையில் வீ ரிமோட்டை வைத்துக் காட்டியதை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாற்பது டாலர் ரிமோட், முனையில் அகச்சிவப்பு எல்இடி வைத்த பேனா, ஒரு புரொஜெக்டர். ரிமோட்டில் இருக்கும் கேமரா பேனா முனையைப் பின்தொடரும், அது போகிற இடத்தில் திரையில் கோடு விழும். ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்ற தொடுபலகையின் வேலையில் எண்பது சதவீதம், ஒரு சதவீதச் செலவில் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ரிமோட் பர்மா பஜாரில் கிடைத்தது, எல்இடி ரிட்சி தெருவில். மை தீர்ந்த மார்க்கர்தான் பேனா.

எட்டாம் வகுப்புக் கணக்கு. ஒரு வாரம் சாயங்காலம் உட்கார்ந்து எல்லாம் சரிபார்த்துவிட்டு, அலுவலர் ஒருவர் பார்வையிட வந்த அன்று காலை பதினோரு மணிக்குத் தொடங்கினேன். பேனாவை எடுக்கவே இல்லை, பலகையின் வலது மூலையில் கோடு விழ ஆரம்பித்தது. தானாக. பிள்ளைகள் சிரித்தார்கள். புளூடூத் சேட்டை என்று நினைத்து ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், 1, 2 பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்தி மறுபடி இணைத்தேன், திரையின் எல்லை பதிவதற்காக நான்கு மூலையையும் பேனாவால் தொட்டுக் காட்டினேன். கோடு விழுந்துகொண்டே இருந்தது.

அப்போது மூன்றாவது பெஞ்சுப் பையன் எழுந்து போய் ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினான். கோடு நின்றது. நான் லேப்டாப்புக்குள் தலையை விட்டிருந்தேன். நிமிர்ந்து, "உன்னை யாருடா எழுந்திருக்கச் சொன்னா? திற, புழுங்குது" என்றேன். திறந்தான். கோடு மறுபடி வந்தது. "முயற்சி நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அலுவலர் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. வழவழப்பான பலகையில் வெயில் பட்டுத் தெறித்த பளபளப்பை ரிமோட் பேனா என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. நான் சோதித்ததெல்லாம் ஆறு மணிக்கு மேல். எனக்கு ஒரு மாதம் பிடித்ததை அவன் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருந்தான். அதற்கப்புறம் இரண்டு வருடம் அதே பள்ளியில் தினமும் வணக்கம் வைத்துவிட்டுப் போவான். நான் சொல்லவில்லை.

ஐந்துமுகம்:
சார், உங்களுக்காவது சூரியன். எங்களுக்குக் குத்துவிளக்கு.

கல்லூரி விழா, துறைக்கு ஒரு கண்காட்சி. சிறப்பு விருந்தினர் விளக்கேற்றிவிட்டு, எங்கள் பலகையில் பேனாவால் 'நல்வாழ்த்துகள்' என்று எழுதித் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. பலகைக்கு இரண்டடி தள்ளி விளக்கு. ரிமோட்டின் கேமரா ஒரே நேரத்தில் நான்கு புள்ளிகளைத்தான் பின்தொடரும். விளக்கில் ஐந்து திரி! அவர் பேனாவை வைத்து அழுத்துகிறார், அம்புக்குறி விளக்குப் பக்கம் ஓடிப்போய் நின்று, சுடர் ஆடும்போதெல்லாம் தானும் ஆடுகிறது. அவர் 'ந' எழுத மூன்று தடவை முயன்றார். எங்களுக்குக் காரணம் தெரியும். ஆனால் ஏற்றி ஐந்து நிமிடம் ஆகாத விளக்கைக் குளிரவைக்கலாமா என்று யார் போய்க் கேட்பது? எங்கள் எச்.ஓ.டி. என்னைப் பார்த்தார், நான் விளக்கைப் பார்த்தேன். கடைசியில் விருந்தினர் சாதாரண மார்க்கர் கேட்டு வாங்கி எழுதினார். எழுத்து மட்டும் அழகாக இருந்தது.

பழைய_ரேடியோ:
இரண்டு பேருக்குமே அடிப்படை தெரியவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது, தப்பாக நினைக்காதீர்கள். ரிமோட்டை எங்கே வைத்தீர்கள் என்று இருவருமே சொல்லவில்லை. நேர் பின்னால் வைத்தால் எழுதுகிறவர் முதுகே மறைக்கும். பக்கவாட்டில், பலகைக்குச் சுமார் 45 பாகையில், தலைக்கு மேலே ஸ்டாண்டில் வைக்க வேண்டும். மிகவும் சாய்த்தால் தூரத்து மூலையில் துல்லியம் போய்விடும். பலகை ரிமோட்டின் பார்வைக்குள் முழுசாக விழுகிறதா என்று முதலில் பாருங்கள். பேனாவுக்கு 940 நானோமீட்டர் எல்இடி. டிவி ரிமோட்டிலிருந்து கழற்றினாலும் அநேகமாக அதேதான். ஒற்றை ஏஏ பேட்டரி போதும், 1.5 வோல்ட்டுக்கு அது பாட்டுக்கு எரியும், இரண்டு போட்டால் ரெசிஸ்டர் கட்டாயம். பொத்தானை முனையிலேயே வைத்தால் அழுத்தும்போது பேனா வழுக்கும், நடுவில் வையுங்கள். எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, செல்போன் கேமராவில் பாருங்கள், ஊதாவாகத் தெரியும். சில போன்களில் பின் கேமராவில் தெரியாது, முன் கேமராவில் பாருங்கள். குண்டு பல்ப், ஹாலஜன் இருக்கவே கூடாது, டியூப் லைட் பரவாயில்லை. புரொஜெக்டர் மேசையை யாராவது இடித்தால் மறுபடி நான்கு மூலை. வெளிச்சத் தொல்லை இருந்தால் ரிமோட்டின் முன்னால் கழுவிய கறுப்பு நெகட்டிவ் ஒட்டுங்கள்.

என் அனுபவம்: ஒன்று செய்தேன். நன்றாக ஓடியது. என் பையன் ரிமோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஐந்துமுகம்:
ஐயா, நெகட்டிவ் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் நிறுத்தும். அகச்சிவப்பை அப்படியே விடும், அதற்காகத்தானே அதை ஒட்டுகிறோம். விளக்குச் சுடரில் இருப்பதே அகச்சிவப்புதான். தவிர, ரிமோட்டின் மூக்கில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு மேல் எதை ஒட்டி என்ன?

பழைய_ரேடியோ:
சரி, விளக்கைத் தள்ளி வைத்திருக்க வேண்டும்.

கு_ளி:
நெகட்டிவ் என்றதும் எழுதத் தோன்றியது. இங்கே பெரும்பாலும் வாசிக்க மட்டும் வருவேன்.

என் மாமனாருக்கு மோட்டார் நியூரான் நோய். கை போய், பேச்சு போய், கண் மட்டும் மிச்சம். லாஸ் ஏஞ்சலஸில் சுவரில் வரையும் கிராஃபிட்டி ஓவியர் டெம்ப்ட் ஒன்னுக்கும் ஏஎல்எஸ், அதே நோயில் ஒரு வகைதான். அவர் கண்ணால் வரைவதற்காக 2009இல் நண்பர்கள் சேர்ந்து செய்த ஐரைட்டரைப் பற்றி என் கணவர் படித்தார். மூக்குக் கண்ணாடிச் சட்டம், கண்ணில் வெளிச்சம் விழ அகச்சிவப்பு எல்இடி, கண்ணசைவைப் பார்க்க பிஎஸ்3 ஐ கேமரா, ஐம்பது டாலருக்குள் சாமான். செய்முறையை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தார்கள். இவர் கேமராவைப் பிரித்து, அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடித் துண்டைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் எங்கள் கல்யாண நெகட்டிவின் கறுப்பு நுனியை வெட்டி வைத்தார். நான் கேட்டதற்கு, "அதுல படம் இல்லம்மா, வெறும் நுனிதான்" என்றார்.

தமிழ் எழுத்துகளைத் திரையில் அடுக்குவதே ஒரு மாத வேலை. முதலில் க, ச, ட வரிசை, ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் பன்னிரண்டு எழுத்தும் விரியும். முதல் நாள் மாமா 'கு' வரைக்கும் வந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினோம். குடிக்கத் தண்ணீர் என்று புரிந்துகொண்டு குழாய் வழியாகக் கொடுத்தோம். மறுநாளும் 'கு'. மறுபடி தண்ணீர். மூன்றாம் நாள் நாங்கள் எழுந்து போவதற்குள் அடுத்த எழுத்தைப் பிடித்துவிட்டார். 'ளி'.

தலைக்கு மேலே ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. வேர்க்குமே என்று எத்தனையோ மாதமாக நாங்கள்தான் ஓட விட்டிருந்தோம்.

கறுப்புப்பெட்டி:
கு_ளி அவர்களே, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தலைப்புக்குக் கொஞ்சம் விலகி, ஜானி லீ பற்றி ஒன்று. 2010 நவம்பர் 4 அன்று மைக்ரோசாஃப்டின் கினெக்ட், உடலசைவைப் பார்க்கும் வீடியோ கேம் கேமரா, வந்ததும், அதைக் கணினியில் ஓட்ட எல்லோருக்கும் திறந்த டிரைவர் மென்பொருள் எழுதுகிறவருக்கு அடாஃப்ரூட் என்ற எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஆயிரம் டாலர் பரிசு அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் முறைத்ததும் அது இரண்டாயிரம், அப்புறம் மூவாயிரம். நவம்பர் 10 அன்று ஸ்பெயின்காரர் ஹெக்டர் மார்ட்டின் முடித்துவிட்டார். பரிசுப் பணத்தைக் கொடுத்தது தான்தான் என்று மறு வருடம் ஜானி லீயே எழுதினார். கினெக்ட் குழுவில் வேலை பார்த்துக்கொண்டே செய்திருக்கிறார். சம்பளம் கொடுத்த இடத்துக்கே இப்படியா என்று என் மேனேஜர் நண்பர் கோபப்படுவார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். நானும் ஒரு கினெக்ட் வாங்கினேன். அடாப்டர் காணாமல் போய் பரணில் கிடக்கிறது. அவ்வளவுதான் என் அனுபவம்.

பழைய_ரேடியோ:
கு_ளி, அகச்சிவப்பு எல்இடியைக் கண்ணுக்கு அருகில் மணிக்கணக்கில் வைக்கக் கூடாது, மின்னோட்டத்தை மிகவும் குறைக்க வேண்டும். எத்தனை மில்லிஆம்பியர் வைத்தீர்கள்?

கு_ளி:
அவர்தான் பார்த்துப் பார்த்துக் குறைத்தார், டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம். மாமா போய் ஏழு வருடம் ஆகிறது ஐயா.

சாக்பீஸ்:
கு_ளி அம்மா, இரண்டு தடவை படித்தேன்.

அந்தப் பையனின் பெயர் பழைய வருகைப் பதிவேட்டில் இருக்கும். திங்கட்கிழமை பள்ளியில் கேட்டுப் பார்க்கிறேன்.