அம்மாவின்ர கால் கம்பிக்கு மருந்துப் பூச்சு: விவரம் தெரிஞ்சவை சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே, புதுக்குடியிருப்பில இருந்து எழுதுறன். அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சு கம்பி வைச்சது. இப்ப தையல் போட்ட இடம் சிவந்து சீழ் கசியுது. அவவுக்குச் சீனி வருத்தமும் இருக்கு. கிருமி கம்பியில படலமாப் படிஞ்சிட்டால் குளிசையும் ஊசியும் லேசில வேலை செய்யாதாம். பழசை எடுத்திட்டு, ஜென்டாமைசின் எண்ட கிருமி கொல்லி மருந்து கலந்த எலும்புச் சீமெந்து (எலும்புச் சத்திரசிகிச்சையில பாவிக்கிற ஒரு பசை) பூசின கம்பி வைக்கலாம் எண்டு வைத்தியர் சொல்றார். மருந்து உள்ளுக்கேயே அந்த இடத்தில மெல்ல மெல்லக் கசியும். எனக்கும் அதுதான் சரியாப் படுது.

ஆருக்காவது இப்படிச் செய்ததோ? பூச்சை ஆசுப்பத்திரியிலேயே பூசுவினமா, சாமான் வெளியில வேண்டிக் குடுக்கோணுமா? அம்மாவின்ர சிறுநீரகத்தைத் தாக்குமோ எண்டுதான் பெரிய பயம். தாதியர், வைத்தியர் ஆரும் இருந்தால் தயவுசெய்து உள்பெட்டிக்கு வாங்கோ.