கொரோனா வார்டில் கவச உடையோடு: இன்னும் மனத்தை விட்டு நீங்காத ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

வைகைக்கரை (ஸ்டாஃப் நர்ஸ், மதுரை)

2021 மே மாதம், இரண்டாம் அலை, இரவுப் பணி. அந்த வார்டு எப்படி இருந்தது என்று இங்குள்ளவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மூச்சுத்திணறலில் தன்னிலை இழந்த பெரியவர் ஒருவர் ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். அதைத் திரும்பப் பொருத்தக் குனிந்தபோது என் ஃபேஸ் ஷீல்டையும் சேர்த்து இழுத்துவிட்டார். அந்த இழுப்பில் என்95 முகக்கவசத்தின் மேல்பட்டை நழுவியது, அதே நேரத்தில் அவர் இருமினார். என் இரு கைகளும் அவருடைய முகமூடியைப் பிடித்திருந்தன. விட்டுவிட்டால் அவருடைய ஆக்சிஜன் அளவு மேலும் இறங்கும் என்பதால், அளவு ஏறும்வரை அப்படியே நின்றேன். எனக்குத் தொற்று வரவில்லை. இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருந்ததாலா, வெறும் அதிர்ஷ்டத்தாலா என்று எனக்குத் தெரியாது. அந்த இருமலின் வெதுவெதுப்பைக் கன்னத்தில் உணர்ந்தது மட்டும் இன்றுவரை போகவில்லை.

சோதனைக்குழாய் (ஆய்வக நுட்பநர், திருச்சி)

எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் 2020 ஏப்ரலில் கையுறை பொருத்திய கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று மாதிரி எடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் கிராம முகாமில் அதெல்லாம் இல்லை; வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி, எதிரே கவச உடையில் நான். நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மூக்கில் குச்சியை விட்டதும் என் ஃபேஸ் ஷீல்டு முழுவதும் தெறிக்கும்படி தும்மினான். அவனுடைய தாயார் பதறிப்போய், "மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லிக்கொண்டே தம் முந்தானையால் அதைத் துடைக்கக் கை நீட்டினார். நான் பின்வாங்கிய வேகத்தில் அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. மறுநாள் வந்த முடிவில் தாய்க்கும் மகனுக்கும் தொற்று உறுதியாகியிருந்தது. ஆகவே நான் விலகியது சரிதான். ஆனாலும் அந்த முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் சங்கடமாக இருக்கிறது.

மயக்கமருந்தாளர் (மருத்துவர், சென்னை)

வைகைக்கரை சிஸ்டர் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவதை ஏற்க மாட்டேன். மூச்சுக்குழாயில் டியூப் செலுத்தும்போது நோயாளியின் வாய்க்கு ஒரு சாண் தொலைவில் முகத்தை வைத்துக்கொள்பவன் நான். ஒருமுறை தசைத் தளர்வு மருந்து முழுவதும் வேலை செய்வதற்கு முன்பே நோயாளி இருமிவிட்டார். என் கதை அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது வேறு. நம்மில் பலர் வெள்ளைக் கவச உடையை நம்பிய அளவுக்கு முகக்கவசத்தின் பொருத்தத்தைக் கவனிக்கவில்லை. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும் என்பது என்95 துணியின் திறன். மூக்கோரம் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும். அணிந்தவுடன் இரு கைகளாலும் மூடிக்கொண்டு பலமாக மூச்சுவிட்டுப் பாருங்கள். விளிம்பில் காற்று கசிவது தெரிந்தால் உலோகப் பட்டையை மறுபடியும் அழுத்துங்கள். தாடி வைத்திருப்பவர்கள் மழித்துவிட வேண்டும். வால்வு வைத்த வகை, அணிந்தவர் வெளிவிடும் காற்றை வடிகட்டாமல் அனுப்பிவிடும் என்பதால், 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் அதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம்: களைப்பில் அவசரப்பட்டு உடையின் வெளிப்புறத்தைத் தொட்ட கை நேரே கண்ணுக்குப் போகும். ஒவ்வொன்றையும் கழற்றியபின் கையைத் தூய்மைப்படுத்திக்கொண்டு, என்95-ஐ வார்டுக்கு வெளியே வந்த பிறகு கடைசியாகக் கழற்ற வேண்டும். எதிரே ஒருவர் நின்று பார்த்துச் சொல்வது நல்லது. எல்லாவற்றையும்விட, உணவறையில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நெருக்கமாக அமர்ந்து பேசாதீர்கள். என் துறையில் தொற்று பரவியது ஐசியூவில் அன்று, அங்கேதான்.

நொய்யல் மகள் (கோவை)

மருத்துவர் ஐயா அடுக்கிய எல்லாமே, என்95-உம் கவச உடையும் கொடுக்கப்பட்டவர்களுக்குப் பொருந்தும். என் தாயார் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். நாட்டின் பல ஆலைகளிலிருந்து கவச உடைத் துணிகளைக் கோவைக்கு அனுப்பி, ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் ஆய்வகத்தில் செயற்கை இரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்த அதே 2020-இல், அதே ஊரில், அம்மாவுக்குக் கிடைத்தது துணி முகக்கவசமும் சாப்பாட்டுக் கடையில் போடும் மெல்லிய கையுறையும்தான். கொரோனா வார்டுக் கழிவை இரட்டைப் பையில் கட்ட வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அப்போதைய விதி. ஒற்றை மஞ்சள் பை ஒன்று படிக்கட்டில் கிழிந்து, டாக்டர்கள் கழற்றிப் போட்ட கவச உடைகள் அம்மாவின் காலடியில் கொட்டின. பாதையை மறிக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் சத்தம்போட, அம்மா அவற்றை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். இதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வைகைக்கரை

டாக்டர், நான் அறிவுரை கேட்டு எழுதவில்லை. நீங்கள் சொன்ன சோதனையை ஒவ்வொரு பணிமுறையிலும் செய்துவிட்டுத்தான் உள்ளே போனோம். எங்களுக்கு வந்த என்95 எல்லாம் ஒரே அளவு. என்னைப் போலச் சிறிய முகம் உள்ளவர்களுக்கு எப்படி அழுத்தினாலும் தாடையோரம் கசியும். அதனால் பட்டையில் முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டோம். அந்த முடிச்சுதான் அன்று நழுவியது. செவிலியர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது கொள்முதல் செய்கிறவர்களுக்குத் தெரியாதா? சிறிய அளவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம், பதில் வரவில்லை. நொய்யல் மகள், அம்மாவுக்கு அதன்பிறகு தொற்று வந்ததா, இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள்.

நொய்யல் மகள்

வந்தது, சிஸ்டர். குணமாகி, அதே வேலைக்குத்தான் போகிறார். தனிமையில் இருந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்துவிட்டார்கள்.