புதுப்பிப்பு: நாய்க்குட்டி கடித்த வயர் வீட்டு வாசலிலேயே சரியானது

எங்கள் ஐந்து மாத நாய்க்குட்டி காருக்கு அடியில் புகுந்து எதையோ கடித்துவிட்டான், அன்றிலிருந்து ஏபிஎஸ் (அழுத்தி பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். அந்தக் கதையின் மிச்சம் இது.

சனிக்கிழமை, வீட்டுக்கே வந்து பார்க்கும் மெக்கானிக் பைக்கில் வந்தார். ஸ்கேனரைச் செருகியதுமே இடது முன்சக்கர வேக சென்சார் என்று காட்டிவிட்டது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினால், விரல் நீளத்துக்கு உறை உரிந்து, செம்பு இழைகள் துடைப்பம் மாதிரி விரிந்து கிடந்தன. பல் தடம்கூடத் தெரிந்தது. குற்றவாளி பக்கத்திலேயே உட்கார்ந்து வாலாட்டிக்கொண்டிருந்தான்.

"ஒட்டுப் போடலாம் சார். ஆனா இங்க தண்ணியும் சேறும் அடிக்கும், ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் வயர் மடங்கும். சீக்கிரமே திரும்பக் கூப்பிடுவீங்க" என்றார். சரி, சென்சாரையே மாற்றச் சொன்னேன். வயரும் அதோடு சேர்ந்தே வருகிறது. சென்சார் 1,650, கூலி 700. தெருவை இரண்டு சுற்று சுற்றியதும் விளக்கு அணைந்தது.

பிரேக் பிடிக்குமா என்று கேட்டவர்களுக்கு: விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். அவசரமாக அழுத்தி மிதித்தால்தான் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். அதனால் அந்த வாரம் மெதுவாகத்தான் ஓட்டினேன்.

இன்சூரன்ஸ் பக்கம் போகவில்லை. நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக மிஞ்சுவதற்காக, கிளெய்ம் கேட்காமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸை இழப்பானேன்?

இப்போது காரைச் சுற்றிக் கோழிவலை கட்டியிருக்கிறேன். அப்புறம், நேற்று அதன் ஒரு மூலையையும் கடித்துப் பார்த்திருக்கிறான்.