4294967297-ஐ ஃபெர்மா எண் என்று சொல்லலாமா?

பவானிக்கரை: நேற்று இங்கே ஒருவர் 4294967297 ஒரு ஃபெர்மா எண் என்று எழுத, பத்துப் பேர் ஆஹா ஓஹோ என்கிறீர்கள். எரிச்சலாக வருகிறது. இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை சரி. அடுத்து வந்த இதை 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துவிட்டார். உடைந்ததற்கு எதற்கு அவர் பெயர்?

கோவைக் கணக்கன்: எழுதியது நான்தான், என் பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றிலும் 1 கூட்டுங்கள், ஆறாவதாக வருவது இது. வரிசையில் இருக்கிறது, அதனால் ஃபெர்மா எண்.

பவானிக்கரை: பகு எண்தானே? ஆமா, இல்லை, ஒன்று சொல்லுங்கள்.

கோவைக் கணக்கன்: பகு எண் இல்லை என்று யாருங்க சொன்னது? இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று நிறுவியவரும் ஆய்லர்தான். அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641, அவ்வளவுதான், ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது. 641 என்பது 5 × 128 + 1, அதுவே 625 + 16, இந்த இரண்டை மட்டும் வைத்துக் கால்குலேட்டரே இல்லாமல் வகுபடும் என்று காட்டிவிடலாம். இவ்வளவு அழகை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

பல்லடத்துப் பையன்: அண்ணா, நம்ம பின்கோடு ஆரம்பிக்கறதே 641-லதான்!

பவானிக்கரை: வந்துவிட்டார்கள் கோயமுத்தூர்ப் பெருமை பேச. உங்கள் 641தான் அந்த எண்ணின் மானத்தை வாங்கியது.

கோவைக் கணக்கன்: 641 பகா எண். உங்கள் ஈரோட்டு 638 என்ன, 2 × 11 × 29. தம்பி சொன்னதில் தப்பே இல்லை.

பொள்ளாச்சி டீச்சர்: எங்கள் 642-உம் இரட்டை எண்தான், அதை விடுங்கள். ஃபெர்மா எண் வேறு, ஃபெர்மா பகா எண் வேறு. இன்னொன்று, இது 65536-இன் வர்க்கமும் 1-உம் சேர்ந்தது, 62264, 20449 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே எண்தான். பகா எண்ணுக்கு இப்படி இரண்டு வழி அமையாது.

பவானிக்கரை: பார்த்தீர்களா, டீச்சரும் பகா எண் இல்லை என்கிறார்.

கோவைக் கணக்கன்: அவர் சொன்ன முதல் பாதியைப் படிக்கவில்லையா? 1 பகா எண்ணா என்ற சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள், வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பவானிக்கரை: 1-க்கு நான் சொன்னதும் சரி, இதற்கும் சரி. 641 × 6700417. உடைந்த எண்.

கோவைக் கணக்கன்: வரிசையில் ஆறாவது எண்.