சேர்ந்து வாழப் போனதே எனக்கு எதிரான வாதமானது

கொடுமை என்ற காரணத்தில்தான் விவாகரத்து மனு போட்டேன். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 13. என் கணவர் எல்லாவற்றையும் மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். மறுத்தார். ஆனால் எதிர்மனுவில் கூடவே ஒரு வரி: 'மனுதாரர் எல்லாவற்றையும் மன்னித்து, நான்கு மாதம் என்னோடு குடும்பம் நடத்தினார்.'

பெரியவர்கள் பேசி அனுப்பினார்கள், போனேன். குறுக்கு விசாரணையில் அவருடைய வக்கீல் ஒரு போட்டோவை நீட்டினார். மகளின் பிறந்தநாள். கேக்குக்குப் பின்னால் கணவர் தோளை ஒட்டி நின்று நான் சிரிக்கிறேன். "இது நீங்கள்தானே?" "ஆமாம்." அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது.

கொடுமையைக் காரணம் காட்டுபவர் அதை எந்த வகையிலும் மன்னித்திருக்கக் கூடாது என்று 23-வது பிரிவு சொல்கிறது. குழந்தைக்காகத் திரும்பிப் போகிற எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

என் வக்கீல் அம்மா 1975-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்து வாதாடினார். மன்னிப்பு நிபந்தனைக்கு உட்பட்டது. மறுபடி தவறு நடந்தால் பழைய கொடுமைக்கும் உயிர் வந்துவிடும். நான்காவது மாதம் அவர் கை ஓங்கிய அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த ஓ.பி. சீட்டு என்னிடம் பத்திரமாக இருந்தது. அந்தச் சீட்டின் மீதுதான் என் வழக்கு நின்றது.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் மனு போட்டவர், நான் எதிர்மனுதாரராக நின்றவள். நான் கைவிட்டுப் போய்விட்டேன் என்று என் கணவர் விவாகரத்து மனு போட்டார். அதற்கு மனு போடுவதற்கு முன் தொடர்ந்து 2 வருடம் பிரிந்திருக்க வேண்டும். பிரிந்திருந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் தகுந்த காரணத்தோடு வெளியேறினால் அது கைவிடுதல் ஆகாது. பூட்டை மாற்றியது அவர். "சாவி கொடுங்கள், வந்துவிடுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் பதினோரு முறை கேட்டிருந்தேன். பிரிண்ட் எடுத்தால் மட்டும் போதாது, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். மனு தள்ளுபடியானது.

சம்மன் வந்தபோது பயத்தில் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அப்படி இருந்திருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்திருக்கும், அதை ரத்து செய்யத் தனியாக அலைந்திருப்பேன். அப்பா முதல் வாய்தாவுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.