வீடில்லாதவர்களுக்கு நன்கொடை: கல்வீட்டுக்கா, சங்கத்துக்கா?

உப்புவெளியான் (ஸ்காபரோ):
கனடாவில் இருக்கிற எங்கட பழைய மாணவர் வட்டம் திருகோணமலை மாவட்டத்துக்கென்று கொஞ்சக் காசு சேர்த்து வைத்திருக்கிறது. ஐந்தாறு கல்வீடு கட்டலாம். இல்லையென்றால் மாவட்டத்துக்குள்ளேயே வேலை செய்கிற இரண்டு மூன்று சின்ன அமைப்புகளுக்கு, "இன்னதுக்குத்தான் செலவழிக்க வேண்டும்" என்று கட்டிப்போடாமல், இரண்டு வருட மானியமாகக் கொடுக்கலாம். குழுவில் பாதிப்பேர் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீடு கட்டினால் போய்ப் பார்க்கலாம். சங்கத்துக்குக் கொடுத்தால் அறிக்கைதான் வரும். ஊரில் இருக்கிறவர்கள் சொல்லுங்கோ.

தகரக்கொட்டில்:
இதில யோசிக்க என்ன இருக்கு? வீட்டைக் கட்டுங்கோ. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஓடின வெள்ளை வாகனங்களை நாங்கள் பார்த்தவர்கள். நிலாவெளி ஹோட்டலில் பயிற்சிப் பட்டறை, பின்னால பெரிய பதாகை, மத்தியானம் புரியாணி. தலைப்பு: "வறுமை ஒழிப்பு". திட்டம் முடிய வாகனம் போச்சு, ஆளும் போச்சு. சனம் அதே தகரத்துக்குக் கீழதான்.

மணற்சேனை அக்கா:
தம்பி உப்புவெளியான், முதலில் யார் வீடில்லாதவர் என்று பார்ப்போம். நீங்கள் இருக்கிற ஊரில் நடைபாதையில் படுத்திருக்கிற ஆளைத்தான் நினைப்பீர்கள். இங்கே பஸ் நிலையத்திலும் கோயில் மடத்திலும் படுக்கிறவர்கள் சிலபேர்தான். அவர்களைப் பிடித்துக்கொண்டு போக 1841இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இருந்தது, வீடு கொடுக்கத்தான் ஒன்றும் இருக்கவில்லை. மற்றவர்கள் வெளியில் தெரியமாட்டார்கள். தாய்வீட்டு வளவுக்குள் பத்தி இறக்கி இருக்கிற மகள் குடும்பம், ஒரே கூரைக்குக் கீழ் மூன்று அடுப்பு, அடுத்தவன் காணியில் காவலுக்கு இருக்கிற கிழவன்.

இவர்களில் கனபேருக்கு இல்லாதது கல் இல்லை, காணித் துண்டு, அதாவது காணி தன்னுடையது என்று காட்டுகிற பத்திரம். சம்பூர்ச் சனம் 2006இல் சண்டையில் ஊரை விட்டு எழும்பினது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் வருடக்கணக்காக இருந்தது. 2015இல் அரசாங்கம் 818 ஏக்கரைத் திருப்பி விட்டது, அடுத்த வருடம் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் வந்தது. திரும்பிப் போனவர்களில் காணி உறுதி தொலைத்தவர்கள், அரச காணிக்கான பெர்மிட் தாத்தாவின் பெயரில் கிடக்கிறவர்கள், எல்லைக்கல்லே இல்லாதவர்கள் என்று எத்தனை வகை. நீங்கள் ஐந்து வீடு கட்ட ஐந்து குடும்பம் கேட்டால், துண்டு கையில் இருக்கிற ஐந்து பேரைத்தான் ஜிஎஸ் (கிராம சேவகர்) காட்டுவார். துண்டில்லாதவன் பட்டியலுக்கே வரமாட்டான்.

கணக்கப்பிள்ளை:
அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்திய வீட்டுத் திட்டம் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் கொடுத்தது, பகுதி பகுதியாக, பயனாளியே கட்டுகிற முறையில். ஒப்பந்தக்காரன் கட்டின வீடுகளை விட அது நல்ல முறை, மறுக்கமாட்டேன். ஆனால் அதுக்கும் காணி ஆதாரம் வேண்டும். காசு போதாமல் நகை அடகு வைத்து, நுண்கடன் எடுத்து முடித்தவர்களும் உண்டு. அந்த நுண்கடன் போன போக்கில், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த சிறுகடன்களை 2018இல் அரசே பொறுப்பெடுக்க வேண்டி வந்தது.

தகரக்கொட்டில்:
அப்ப அந்தக் காசை நேரே சனத்தின் கையில கொடுங்கோவன். வன்கூவரில் வீடில்லாத 50 பேருக்கு ஒரே தடவையில் 7,500 கனடிய டொலர் கொடுத்துப் பார்த்தவை. 2023இல் ஆய்வு வந்தது. காசைக் குடித்து அழிக்கவில்லை, வீதியில் இருந்த நாளும் குறைஞ்சது. நடுவில சங்கம் எதுக்கு?

மணற்சேனை அக்கா:
அந்த ஆய்வுக்கு போதைப் பழக்கமும் மனநோயும் கடுமையாக இல்லாதவர்களாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அதை விடுங்கோ, வன்கூவரில் காசு இருந்தால் வாடகைக்கு அறை கிடைக்கும். ஈச்சிலம்பற்றில் 7,500 டொலரைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் அரச காணிக்குப் பெர்மிட் வாங்குவீர்கள்?

நடக்கிறதைச் சொல்கிறேன். விதவை ஒருத்திக்குப் பெர்மிட் மாற்ற வேண்டும். ஜிஎஸ் கடிதம், பிரதேச செயலகக் காணிப் பகுதி, பிறகு காணிக் கச்சேரி என்கிற விசாரணை, பிறகு நில அளவை. ஒவ்வொரு தடவையும் பஸ் காசு, அன்றைய கூலி போச்சு. உத்தியோகத்தர் மாறினால் பைல் முதலில் இருந்து. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டப்படி வாரிசு நியமிக்காமல் செத்தால், பிள்ளைகளில் ஆண் மூத்தவனுக்குத்தான் முதலிடம். 2022இல்தான் ஆணும் பெண்ணும் சமம் என்று திருத்தினார்கள். எங்கட பக்கத்தில் வீடு மகளுக்குத்தானே போகிறது! சீதனமாகக் கொடுத்த வளவு, கந்தோரில் அண்ணன் பெயரில். அண்ணன் பிரான்ஸில். இந்தப் பெண் எந்த வீட்டுத் திட்டத்துக்குப் போய் நிற்பாள்? குச்சவெளிப் பக்கம் போனால், இது எங்கட காணி என்று வன இலாகா நட்ட கல்லும் தொல்லியல் திணைக்களப் பலகையும் வேறு.

இதுகளின் பின்னால் திரிகிறவர் ஒரு சின்ன அமைப்பின் பிள்ளைதான். அந்தப் பிள்ளையின் சம்பளத்துக்கு ஒருவரும் காசு தருவதில்லை. "நிர்வாகச் செலவு" என்று வெட்டிவிடுவார்கள். பதினொரு மாதத் திட்டம் முடிய அந்தப் பிள்ளை கட்டாருக்குப் போய்விடும். அதோடு முப்பது குடும்பத்தின் கதையும் போகும்.

கிண்ணியா நானா:
இடையில வாறதுக்குக் குறை நினைக்க வேணாம். "சங்கத்துக்குச் சல்லி போகக்கூடாது" என்று பேசுறவங்க ஒன்றைப் பார்க்கணும். ஸகாத், அதுதான் எங்கட மார்க்கத்தில் கட்டாயமான தர்மம், யாருக்குப் போகணும் என்று எட்டுக் கூட்டத்தாரைக் குர்ஆன் சொல்லுது. அதில் ஸகாத்தைச் சேர்த்துப் பங்கிடுற ஆளும் ஒருத்தர். அவர் ஏழையாக இருக்கணும் என்ற கட்டாயமும் இல்லை. வேலைக்குக் கூலி, அவ்வளவுதான். ஆனால் கணக்கு ஜும்ஆவுக்கு வாற சனத்துக்குத் தெரியணும். மறைச்சால் அடுத்த றமழானுக்கு ஒருத்தரும் தரமாட்டாங்க.

உப்புவெளியான் (ஸ்காபரோ):
அக்கா, நீங்கள் சொல்கிற பிள்ளை நல்ல பிள்ளையாக இருக்கலாம். ஆனால் எல்லாச் சங்கமும் அப்படியா? கடிதத்தலைப்பும் தலைவரும் மட்டும் உள்ள சங்கங்கள் எனக்கே தெரியும். கட்டுப்பாடில்லாமல் காசு கொடுப்பது எங்களுக்குக் காசு தந்தவர்களுக்குச் செய்கிற நியாயமா?

கணக்கப்பிள்ளை:
நியாயமான கேள்வி. ஆனால் கட்டுப்பாடு போட்டு என்ன கண்டோம்? 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய கொடையாளிகளெல்லாம் 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு, முடிந்தவரை நேரடியாக, கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். கிட்டவும் போகவில்லை. உள்ளூர் அமைப்பு துணை ஒப்பந்தக்காரனாகவே கிடந்தது. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் வெளிநாட்டு உதவியை நிறுத்தினார்கள். அந்த ஒரு குழாயை நம்பியிருந்த அமைப்புகள் உலகம் முழுக்கத் தவித்தன. திட்டச் செலவு மட்டும் தந்து பழக்கினால் கையிருப்பு எங்கே இருந்து வரும்?

கடிதத்தலைப்புச் சங்கத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. பதிவுச் சான்றிதழைப் பார்க்க வேண்டாம், அது எல்லோரிடமும் இருக்கும். கடைசியாக யாருக்குப் பெர்மிட் எடுத்துக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள், அந்த வீட்டுக்குப் போங்கள்.

தகரக்கொட்டில்:
சரி, காணி விஷயம் எனக்கும் விளங்குது. லிங்கநகரிலயும் அந்தக் கரைச்சல் இருக்கு. ஆனா ரெண்டு வருஷம் பேப்பருக்குப் பின்னால ஓடி ஒண்டும் நடக்காட்டி? காணி கொடுக்கிறது அரசாங்கத்தின்ர வேலை. அதை அவன் செய்யாததுக்கு நாங்கள் ஸ்காபரோக் காசில பஸ் காசு குடுக்கிறதா? ஒரு குடும்பமாவது மாரிக்கு நனையாமப் படுக்கட்டும்.

மணற்சேனை அக்கா:
தம்பி, நனையாமல் படுப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் துண்டில்லாத காணியில் நீங்கள் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு நாளைக்கு ஆள் வந்து "இது என்ர" என்றால், உங்கட கல்லும் போகும் காசும் போகும். அரசாங்கத்தின் வேலைதான். கேட்க ஆள் இல்லாவிட்டால் அது செய்யாது, இவ்வளவு காலமும் பார்த்ததுதானே.

உப்புவெளியான் (ஸ்காபரோ):
குழுவில் இப்படி வைக்கப் பார்க்கிறேன்: துண்டு உள்ள இரண்டு குடும்பத்துக்கு வீடு, மிச்சம் இரண்டு அமைப்புகளுக்குச் சம்பளமும் பயணச் செலவும். இரண்டு வருடம், நிபந்தனை ஒன்றுதான்: கணக்கை எங்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பத் தேவையில்லை, ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். யாரும் சண்டைக்கு வருகிறீர்களா?

தகரக்கொட்டில்:
நான் வருவன். ஒட்டின கணக்கை ஆர் வாசிச்சுக் கேள்வி கேக்கிறது? மரணாதாரச் சங்கத்துப் பொருளாளரை அதுக்குப் போடுங்கோ. செத்த வீட்டுக் காசில சதம் பிசகினாலும் ஊரே கேக்கும், அந்தப் பழக்கம் அவருக்கு இருக்கு.

கிண்ணியா நானா:
கிண்ணியாவில எங்கட பள்ளி நிருவாகத்தில கணக்குப் பார்க்கிற ஒருத்தரும் இருக்கார். ரெண்டு ஊரையும் மாத்தி மாத்திப் பார்க்கச் சொல்லுங்க. சொந்த ஊர்க் கணக்கில கேள்வி கேட்க வாய் வராது.